கீச்சிடும் நிலம்

“கீய்ய்ங்!” என்று உலோகம் தேடும் மெஷின் அலறியதும் நெவில் அப்படியே நின்றுவிட்டார்.

“தங்கமா இருக்குமோ?” என்றாள் டாரீன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கழுத்தை எக்கிப் பார்த்தாள்.

“தெரியலையே. சத்தம் மட்டும் பலமா வருது.”

“அப்ப ஆழமாத் தோண்டுங்க. அந்தக் காலத்துல கொள்ளையடிக்க வந்த வைக்கிங்காரன் என்ன, புதையலை மேலாப்புலயா போட்டுட்டுப் போயிருப்பான்?”

நெவில் மண்வெட்டியை ஊன்றி மிதித்தார். ஓர் ஆணி வந்தது. ஓரடி நகர்ந்தால் மறுபடியும் அலறல். தோண்டினால் துருப்பிடித்த பீர் மூடி. அதற்கடுத்த அடியிலும் அலறல்தான். முழங்கை ஆழம் தோண்டியும் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரில் ரயில் பாதையை ஒட்டி நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டங்களில் ஒரு துண்டு டாரீனுடையது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு குளிர்காலம் முழுக்க அவள் அந்தப் பக்கம் வரவில்லை. களை இடுப்பு உயரத்துக்கு மண்டிவிட்டது. ஈஸ்டருக்குள் நிலத்தைக் கொத்திப் போடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தோட்டச் சங்கம் சொல்லிவிட்டது.

மாடி வீட்டில் ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட இடமில்லாத டாரீனுக்கு அந்த மண் ஒன்றுதான் சொத்து. ஆனாலும் உதவி செய்கிறேன் என்று மண்வெட்டியோடு வந்தவர்களை எல்லாம் அவள் கேட்டைத் தாண்ட விடவில்லை.

“நான் இன்னும் சாகலை. செத்ததும் சொல்லி அனுப்புறேன், அப்ப வந்து குழி தோண்டுங்க” என்பாள்.

நெவில் மட்டும் வேறு வேலையாக வந்தார். மீன் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருக்கோடி வீட்டுக்காரர். புத்தம் புதிய மெட்டல் டிடெக்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலியோரம் நின்றார்.

“செயலாளர்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். உங்க நிலத்துல கொஞ்சம் தேடிப் பாத்துக்கவா? எது கிடைச்சாலும் உங்களுக்குப் பாதி. தோண்டின குழியை மூடிட்டுத்தான் போவேன்.”

டாரீன் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இதே கூத்துதான். மெஷின் அலறும், நெவில் தோண்டுவார், மண்ணைப் புரட்டி மூடுவார், அடுத்த அடிக்கு நகர்வார். டாரீன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து உற்சாகப்படுத்துவாள்.

“அந்த மூலையை விட்டுட்டீங்களே. எனக்கென்னமோ அங்கதான் கிரீடமே இருக்குன்னு தோணுது.”

நெவில் சளைக்காமல் அந்த மூலைக்கும் போவார். தோண்டும்போது அகப்படும் களைவேரை எல்லாம் மண்ணை உதறிப் பிரித்து ஒரு வாளியில் போடுவார்.

“அதை எதுக்குப் பொறுக்குறீங்க?” என்று ஒரு நாள் கேட்டாள் டாரீன்.

“வேர் கிடந்தா மெஷினுக்குச் சரியாக் காது கேக்காதுங்க.”

டாரீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் நடித்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை சங்கச் செயலாளர் கிளெம் பார்வையிட வந்தார். வேலிக்கு வேலி பொலபொலவென்று புரண்டு கிடந்த மண்ணைக் கண்டதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“என்னம்மா இது, உழுத வயலாட்டம் இருக்கு! ஏதாவது கிடைக்குதான்னு பாக்கத்தானே அனுமதி கேட்டாரு? ஒரு சாண் விடாமத் தோண்டியிருக்காரே!”

நெவில் தூரத்தில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். டாரீன் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த பூட்ஸைப் பாருங்க. முனையில இரும்புத் தகடு வெச்சது, கிடங்குல போடுறது. மெஷின் காலுக்கிட்ட போறப்ப எல்லாம் கத்தும். மனுஷன் புதையல்னு நினைச்சுத் தோண்டுறாரு.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“விமான நிலையத்துல சோதனை போடுற வேலைல இருந்தவகிட்ட கேக்குற கேள்வியா இது? எத்தனை பேரை பூட்ஸைக் கழட்ட வெச்சிருப்பேன்!”

“அடிப்பாவி!” என்று கிளெம் வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, நிலம் உனக்குத்தான். உருளைக்கிழங்கைப் போடு.” சிரித்துக்கொண்டே அடுத்த தோட்டத்துக்குப் போனார்.

நெவில் மெஷினைக் கழற்றி உறையில் போட ஆரம்பித்தார். “அவ்வளவுதான் டாரீன். இங்க இனிமே தேட எதுவும் இல்லை.”

டாரீனுக்குச் சுருக்கென்றது. சேறு அப்பிய முழங்காலும் கொப்புளம் கண்ட உள்ளங்கையுமாக நின்ற அந்த மனிதரை இவ்வளவு நாள் கண்ணெதிரே ஏமாற்றியிருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை யாருக்கு டீ ஊற்றுவது என்ற நினைப்பும் கூடவே வந்து தொலைத்தது.

“இப்படி உக்காருங்க நெவில். நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீங்க என்னை வாய்க்கு வந்தபடி திட்டலாம்.”

தலையைக் குனிந்துகொண்டு ஒன்று விடாமல் சொன்னாள். “நான் யார்கிட்டயும் கை நீட்டிப் பழகினதில்ல. அதான் இப்படிப் புத்தி போச்சு. மன்னிச்சிருங்க” என்று முடித்தாள்.

நெவில் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் நின்ற தன் காரைக் கைகாட்டினார்.

“ரப்பர் பூட்ஸ் அதுல இருக்கு டாரீன். உங்க கேட்டுக்கிட்ட வந்துதான் இந்த இரும்பு பூட்ஸை மாட்டிக்குவேன்.”