ஒரே கறுப்பு, ஒரே வெளுப்பு

"இந்தப் பாதி பச்சையடிக்குது, டாயோ அம்மா. அந்தப் பாதி செவசெவன்னு இருக்கு."

கெஹிந்தே பிரிண்டை வெயிலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு போட்டோக் கடை வாசலிலேயே நின்றாள்.

கைக்குழந்தை டாயோவை முதுகில் கட்டியிருந்த அபேனிக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஒரு படத்துக்கே எவ்வளவு தாள், எவ்வளவு மை.

"கடைக்குள்ள வச்சுப் பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு, ஆன்ட்டி?"

"டியூப் லைட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். எங்கம்மா படுத்திருக்கிறது சன்னலோரம். வெயில் நேரா சுவத்துல விழும்."

பழைய படம். கெஹிந்தே சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓஷோக்போ நகரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி பின்னலோடு இரட்டைக் குழந்தைகள், ஆளுக்கொரு நாற்காலியில். பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. நடுவில் மடிப்பு விழுந்தது போல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழுப்பேறியிருந்தது, அந்தப் பக்கம் வெளிறிப்போயிருந்தது. போன மழையில் கூரை ஒழுகி, அட்டையும் நைந்துவிட்டது.

"ரெண்டு முகமும் ஒரே கறுப்பு, ஒரே வெளுப்பா வேணும். ஒருத்தி ஒரு நிறம், இன்னொருத்தி ஒரு நிறம்னா அம்மா ஏத்துக்க மாட்டாங்க. நேத்து நீ குடுத்ததைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஒரு வாய் சாப்பிடல."

பக்கத்துத் தையல்கடை ரோன்கே மிஷினை மிதித்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"அம்மாவா ஏத்துக்கல? பேத்தி எடுத்த வயசுல கூடப்பிறந்தவளோட நிறத்துக்குப் போட்டி போடுற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நல்லாப் பாத்துக்கோ" என்று சிரித்தபடியே கெஹிந்தே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். எழுந்து போகும் உத்தேசம் இல்லை.

அபேனிக்கும் ரோன்கே சொன்னதுதான் சரியென்று பட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"சாம்பல் நிறம் வேணும்னாக்கூட இந்த பிரிண்டர் கலர் மையைத்தான் கலக்குது, ஆன்ட்டி. அடர்த்தியான இடத்துல செவப்பு தூக்குது, வெளிறின இடத்துல பச்சை. கறுப்பு மை மட்டும் போட்டுப் பாத்தேன், முகமெல்லாம் புள்ளி புள்ளியா வருது."

"நீ நெனச்சா வரும்மா. அந்தக் கோட்டையும் எடுத்துடு."

அபேனி மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. புதுத் தாள் வாங்கி வைத்திருக்கிறாள், பிரிண்டர் செட்டிங்கில் இன்னும் பழைய தாளின் பெயரே இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதை மாற்றினாள். அதன் பிறகுதான் கறுப்பு, சாம்பல் மைகளையே எடுக்கும்படி வைக்க முடிந்தது. இரண்டு பாதியையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்து, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தாள்.

பிரிண்டர் முனகிக்கொண்டே தாளை இழுத்தது.

"அந்த ஸ்டூடியோக்காரரு கோழி மாதிரி கொக்கரிச்சுக் காட்டுவாரு" என்றாள் கெஹிந்தே, யாரிடம் என்றில்லாமல். "விளக்குச் சூட்டுல போட்ட பவுடரெல்லாம் வழிஞ்சிடுச்சு. அம்மா நீலத்துணி கட்டிக்கிட்டு கேமராவுக்குப் பின்னாலயே நின்னாங்க. முடிஞ்சதும் பயறு வடை வாங்கித் தந்தாங்க. எனக்கு மட்டும் ரெண்டு பங்கு."

"அப்பவே கூடப்பிறந்தவ பங்கையும் நீங்கதான் முழுங்கினீங்களா?" ரோன்கே விடவில்லை.

கெஹிந்தே பிரிண்டரிலிருந்து வெளியே வரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மாடிப்படி வந்தது. பிறகு இரண்டு தலைகள்.

"ஈரத்தோட பாக்காதீங்க. காஞ்சாத்தான் சரியான நிறம் தெரியும்" என்று அபேனி அதை விசிறிக்குக் கீழே வைத்தாள்.

காய்ந்ததும் கெஹிந்தே அதை வாசலுக்கு எடுத்துப்போனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை இல்லை. சிவப்பு இல்லை. கோடும் இல்லை. இரண்டு முகமும் ஒரே கறுப்பு, ஒரே வெளுப்பு.

"வந்துட்டாங்க" என்றாள் மெதுவாக.

அபேனிக்கு மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. இதுக்கா இத்தனை பாடு? ஒரு நாள் உங்க கூடப்பிறந்த தைவோவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு நானே புதுசா எடுத்துத் தரேன்."

கெஹிந்தே படத்தைக் கசங்காமல் உறைக்குள் நுழைத்தாள்.

"தைவோ தவழுறதுக்கு முன்னாலயே போயிட்டாளே. ரெண்டு நாற்காலியிலயும் உக்காந்திருக்கிறது நான்தான். அப்பல்லாம் நம்ம பக்கத்துல அப்படித்தானே செய்வாங்க? இரட்டையில ஒண்ணு போயிட்டா, இருக்கிறதையே இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை எடுத்து ஒட்டித் தருவாங்க."

பக்கத்தில் தையல் மிஷின் நின்றது.

"அம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் இத்தனை வருஷம் சுவத்துல மாட்டி வச்சிருந்தாங்க. இப்ப ஞாபகம் தவற ஆரம்பிச்சதுல அது மட்டும் மறந்துபோச்சு. ரெண்டு பேரும் இருக்கோம்னு நெனக்கிறாங்க. நிறம் மாறித் தெரிஞ்சா, 'எம்பிள்ளைங்களை ஏன் பிரிச்சு வச்சீங்க'ன்னு அழறாங்க."

 கெஹிந்தே தலைத்துணியை அவிழ்த்து உதறி, முடிச்சு மறுபக்கம் வரும்படி கட்டிக்கொண்டாள்.

"கெஹிந்தே காலையிலேயே போய்க் கஞ்சி குடுத்துட்டு வந்துட்டா. மத்தியானச் சாப்பாடு தைவோதான் ஊட்டணும். நேரமாச்சு, வரேன்."