கறுப்பு வெள்ளை போதும்

"வானம் கறுப்பு, நட்சத்திரம் வெள்ளை. இதுக்கு எதுக்குங்க கலர் கேமரா?" என்று கேட்டாள் சந்திரலேகா.

சிதம்பரம் கீழவீதியில் இருந்த கேமரா கடை அது. கடைக்காரர் அன்புமணி வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார்.

சந்திரலேகாவின் கணவர் இளவரசு, குறிஞ்சிப்பாடியில் தமிழ் வாத்தியார். மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்திருப்பவர். கண்ணுக்கே தெரியாத தூரத்து நெபுலாக்களைப் படம் பிடிக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று பல மாதம் யூடியூபில் கிடந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை.

கடைசியில் இரண்டு கேமராக்களில் வந்து நின்றார். ஒன்று கலர். இன்னொன்று கறுப்பு வெள்ளை. அன்புமணி இரண்டையும் சென்னையிலிருந்து வரவழைத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"பள்ளிக்கூட ஆண்டு விழாவுல என் படத்தப் பெருசா மாட்டப் போறாங்க சந்திரா. கீழ என் பேரு போடுவாங்க. கலரா இருந்தாதான எடுப்பா இருக்கும்?" என்றார் இளவரசு.

"கறுப்பு வெள்ளையா இருந்தா பேரு தெரியாதா?"

அன்புமணி உதவிக்கு வந்தார். "அக்கா, நெபுலான்னா வானத்துல இருக்கற பெரிய மேகம். ரோஸு, செவப்புன்னு அவ்ளோ அழகா இருக்கும்."

சந்திரலேகா அதைக் காதில் வாங்கவில்லை. கலர் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி ஃபேன் மாதிரி இருக்கே, என்னா தம்பி அது?"

"கூலிங்க்கா. ரொம்ப நேரம் தொறந்து வச்சு எடுப்பாங்க. சூடாச்சுன்னா படத்துல புள்ளி புள்ளியா விழும்."

"அட, கேமராவுக்கு ஏசியா? ஊர்ப்பட்ட ஜாக்கெட்டு தைக்கிறேன், எனக்கு அந்த லொடலொட ஃபேன்தான்!"

வாத்தியார் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"கறுப்பு வெள்ளை வெல ஜாஸ்திக்கா" என்றார் அன்புமணி. கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிற முகம் என்று அவர் எடை போட்டு வைத்திருந்தார்.

"இருக்கட்டும். அதையே போடுங்க."

அன்புமணி அசந்துபோனார். ஆனாலும் வியாபாரி ஆயிற்றே, விடுவாரா? "அப்ப இந்த ஃபில்டர் செட்டையும் எடுத்துக்கங்கக்கா. செவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா எடுத்துக் கம்ப்யூட்டர்ல சேத்தா இதுலயும் கலர் படம் வந்துடும்."

"அது வேண்டவே வேணாம்!"

அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இளவரசு பெருமூச்சு விட்டார். "விடுங்க அன்புமணி. எங்க வீட்டுல தீர்ப்பு சொல்லியாச்சுன்னா அப்பீல் கெடையாது." சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

அன்புமணிக்கு மனசு கேட்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கேமராவை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. நாள் பூரா கலர் கலரா துணியோட இருக்கறவங்க நீங்க. பாவம், அவரு ஆசைக்கு ஒரு கலர் படம் எடுத்துட்டுப் போகட்டுமே."

சந்திரலேகா வாசலை எட்டிப் பார்த்தாள். இளவரசு ஸ்கூட்டரை நெருக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குச் செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது தம்பி. பொறவியிலயே அப்படிப் போல. போன மாசம் ஒருத்தர்கிட்ட எரவலா கலர் கேமரா வாங்கிப் படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல இவரே கலரைச் சரி பண்ணி வாட்ஸ்அப் குரூப்புல போட்டாரு. மேகம் பூரா பாசி புடிச்ச கொளமாட்டம் பச்சை. ஒரே சிரிப்பு. கேமரா சரியில்லன்னு சொல்லிட்டு, அன்னிக்குச் சாப்புடாம படுத்துட்டாரு. அதே சிரிப்பு பள்ளிக்கூடத்துல, புள்ளைங்க முன்னாடி கேக்கணுமா?"

அன்புமணியின் கை நின்றுவிட்டது. "சார் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"எங்கிட்டயே சொன்னதில்ல. மெரூன் நூல்கண்டு வாங்கியாரச் சொன்னா பச்சையை வாங்கியாருவாரு. 'இதான் கேட்டேன்'னு வாங்கி வச்சுக்குவேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

வெளியே ஹாரன் அடித்தது. சந்திரலேகா பெட்டியை வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

"நீங்களும் காட்டிக் குடுத்துடாதீங்க தம்பி. எப்பவாச்சும் பேச்சு வந்தா, 'உங்க வீட்டம்மா மாதிரி ஒரு புடிவாதக்காரியப் பாத்ததே இல்ல சார்'னு மட்டும் சொல்லுங்க!"