கரண்டு விமானத்தின் சத்தம்

கோடை விடுமுறையில் ஒரு விமானக் காட்சி. கொட்டகைக்குப் பின்னால் பழைய போர் விமானமும் புதுக் கரண்டு விமானமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

முதலில் பறந்தது கரண்டு விமானம்தான். வானத்தில் குட்டிக்கரணம்கூடப் போட்டது. கீழே கூட்டம் தலைகுனிந்து குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தது. "எப்பங்க ஆரம்பிப்பாங்க?" என்று ஒருவர் வாட்சைப் பார்த்தார்.

கரண்டு விமானம் முகம் வாடி இறங்கியது. "அண்ணே, நான் பறந்ததை ஒருத்தரும் பார்க்கலை."

"சத்தம் கேட்டாத்தானே தம்பி நிமிர்ந்து பார்ப்பாங்க?" என்றது போர் விமானம். "எனக்கு இறக்கையில விரிசல். பறக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா இன்ஜினை ஓட்டலாம். நீ இன்னொரு தடவை மேல போ. நான் இங்கேயே நின்னு உறுமுறேன்."

"ஒரு சுற்றுக்குத்தான் சார்ஜ் இருக்கு."

"அது போதும், போ."

போர் விமானம் உறுமியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஐஸ் உருகிக் கையில் வழிய, மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. மேலே கரண்டு விமானம் மினுமினுவென்று குட்டிக்கரணம் போட்டது.

"கரண்டுல ஓடுறதுக்கு என்னா சத்தம்யா!" என்று விசிலடித்தார்கள். அதைக் கேட்டுப் போர் விமானம் புகை வரச் சிரித்தது.

மறுநாள் காலை அது தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஆரம்பிக்கலாமா தம்பி?"

"ஆரம்பிக்கலாம் அண்ணே," என்றது கரண்டு விமானம். "ஆனா இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா உறுமுங்க. நேத்து உங்க இரைச்சல்ல என் சத்தம் சரியாவே கேக்கலை."