மேற்கே நீண்ட விரல்

"முள்ளுக் குத்தி எட்டு நாளாச்சு! கத்தாளைய அரைச்சு வெச்சாச் சரியாப் போயிருமாக்கும்?"

"ஊட்டுல கத்துறது பத்தாதுன்னு இங்கயுமா? உடு, நான் போறேன்!"

மில் வைத்தியசாலை வாசலில் சத்தம். கம்பவுண்டர் சுந்தரராஜுலுவுக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தவர் குடும்பச் சண்டையென்றால் அவருக்கு அல்வா.

வெளியே வந்து பார்த்தார். நூல் சுற்றும் நஞ்சம்மாள்தான். பஞ்சுத் தூசிக்குப் பயந்தவள்போல முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். பக்கத்தில் நின்றவனுக்கு வலது கை முழங்கை வரை வீங்கிப் பழுத்திருந்தது.

"இங்க மில் ஆளுக்கும் கட்டினவங்களுக்கும்தான் வைத்தியம், தெரியுமல்லோ? தர்மாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுதானே அம்மணி?"

"அங்க ஏழைன்னு மணியகாரர் சீட்டு வேணுமாமுங்க. ஒரு ஏக்கர் மேட்டாங்காடு வெச்சிருக்கிறவன் ஏழையில்லைன்னு அவர் முடுக்கி உட்டுட்டாருங்க. மூணு வருசமா மழை காணாத காடுங்க! இன்னைக்குக் கீறலீன்னா கையவே எடுக்கோணுமாமுங்க."

கம்பவுண்டர் பதிவேட்டைப் பிரித்தார்.

"புருஷன் பேரு?"

அதுவரை ஊரைக் கூட்டிய வாய் சட்டென்று அடைத்துக்கொண்டது. தலை குனிந்தது. விரல் மட்டும் நீண்டு, மேற்கே தெரிந்த மலையைக் காட்டியது.

"வெள்ளியங்கிரியா?"

தலையை ஆட்டினாள்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இப்படிச் சண்டை போடும் வாயும், போட்டுவிட்டுப் பேர் சொல்லக் கூசும் வாயும் தாலி ஏறியவளுக்குத்தான் வரும். எத்தனை குடும்பங்களை எட்டிப் பார்த்தவர் அவர்! 'புருஷன்' என்று எழுதி, டாக்டரிடம் அனுப்பினார். கை பிழைத்தது.

தை பிறந்தது. நஞ்சம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றாள்.

"வார புதன்கிழமை எனக்குக் கல்யாணமுங்க. நீங்க அவசியம் வந்துபோடோணும்."

கம்பவுண்டருக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது.

"உனக்கா? மாப்பிள்ளை யாரு?"

விரல் மறுபடியும் மேற்கே நீண்டது.

"அடிப்பாவி! அப்ப அன்னைக்குப் பேர் சொல்லாம நின்னது அத்தனையும் நடிப்பா?"

"சண்டை மட்டுந்தானுங்க நடிப்பு" என்றாள் நஞ்சம்மாள், தலை நிமிராமல்.