பில்லைப் பெட்டி

அன்று ராயபுரம் படகுத்துறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். துறைமுக மேஸ்திரி ஹென்றி, அவன் அம்மா இருதயம்மாள், மங்கை, சௌக்கத் அலி, கிழவர் இக்னேஷியஸ்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் புயலில் மூழ்கிய இழுவைக் கப்பல் 'ஸ்டெல்லா'வைத் தூக்கி, பழுது பார்த்து நிறுத்தியிருந்தார்கள். ஹென்றியின் அப்பா, மங்கையின் புருஷன், சௌக்கத் அலியின் அண்ணன் மூவரும் அதோடு போனதாக ஆபீஸ் பதிவு. நீந்திக் கரை சேர்ந்தவர் இக்னேஷியஸ் ஒருவர்தான். கொடியேற்ற வந்திருந்ததும் அவர்தான்.

அப்பா செத்த கப்பல் என்று லீவு நாளெல்லாம் துரு சுரண்டியவன் ஹென்றி. அவன் கையில்தான் அந்த இரும்புப் பெட்டி அகப்பட்டது. கப்பலில் ஏறுகிறவன் தன் எண் போட்ட பித்தளைப் பில்லையை அதில் போடவேண்டும், இறங்கும்போது எடுத்துக்கொள்ளவேண்டும்.

எல்லார் முன்னிலையிலும் பூட்டை உடைத்தான். மூன்றே பில்லைகள். எண்களை உப்புத்தண்ணீர் தின்றிருந்தது.

"நாலு பேரு போனீங்க. மூணுதான் கீது. உன்னுது எங்க நைனா?" என்று கிழவரைக் கேட்டான் ஹென்றி.

"நான் போடல," என்றார் இக்னேஷியஸ்.

"பில்லை போடாதவன எங்கண்ணன் ஏத்தவே மாட்டாரே! கப்பலாளுங்களுக்கெல்லாம் தலைவன், செராங்கு அவருதானே?" என்றான் சௌக்கத் அலி.

ஹென்றியின் குரல் மாறியது. "யோவ், அப்போ நீ ஏறவேயில்ல. கரையில நின்னுகினு கதை வுட்டுக்கீறே."

"வருசா வருசம் எங்கூட்டு திவசத்துல வடை பாயசம் துன்னியேய்யா! பொட்டலம் வேற கட்டிகினு போனே!" என்று கத்தினாள் மங்கை.

கிழவர் இருதயம்மாளை ஒருமுறை பார்த்தார்.

"ஏறலன்னே வெச்சுக்க, ஹென்றி."

"பொய்யில பொழைச்ச கை கொடியத் தொடக்கூடாது. போய்யா!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சௌக்கத் அலிக்கு ஒன்று, மங்கைக்கு ஒன்று. இருவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கப்பலருகே போனார்கள். மூன்றாவதை அம்மாவிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"இன்னாம்மா? அப்பாவோடது."

"ஒங்கப்பன் அன்னிக்கு ஏறலடா." மெதுவாகத்தான் சொன்னாள். "மொத நாளே எவளையோ இட்டுகினு பினாங்குக் கப்பல்ல பூட்டான். புள்ள சோத்துக்கு இன்னா பண்ணுவான்னு, 'அவனும் எங்கூட வந்து முழுகிட்டான்'னு ஆபீசுல சொன்னவரு இப்ப நீ தொரத்துனியே, அவருதான். செத்தவன் புள்ளைன்னுதான் ஒனக்கு இந்த வேலையே."

ஹென்றி திரும்பிப் பார்த்தான். கிழவர் கேட்டைத் தாண்டிப் போயிருந்தார்.

அவன் கையில் மிச்சம், ஒரு பில்லை.