ஆமை ஜெயித்த வகுப்பு

வரிசையில் அடுத்து வந்து நின்றவளைப் பார்த்ததுமே டீச்சருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

அட, ஆறாம் வகுப்பு வாயாடி! முன்தலை நரைத்தால் என்ன, அந்த முழியை மறக்க முடியுமா?

டீச்சருக்குத் தேர்தல் வேலை விழுந்தது அவருடைய பள்ளியிலேயே. பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு, அவர் பாடம் நடத்தும் அறையைத்தான் வாக்குச்சாவடி ஆக்கியிருந்தார்கள்.

வாயாடி படித்தது டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். முப்பத்திரண்டு பிள்ளைகள், வீட்டில் பேசுகிற மொழிகள் மட்டும் ஒன்பது. சமூக அறிவியல் புத்தகத்தைப் பிரித்தாலே பாதி வகுப்பு கொட்டாவி விடும். அதனால் தேர்தல் பாடத்துக்கு டீச்சர் நிஜமாகவே ஒரு தேர்தல் வைத்தார். எல்லோருக்கும் புரியட்டும் என்று சின்னங்கள்: குடை, சைக்கிள், ஆமை. பிஸ்கட் டின்தான் ஓட்டுப்பெட்டி.

ஆமைக்காக வாயாடி செய்த பிரச்சாரம் இருக்கிறதே, அப்பப்பா! பக்கத்து வகுப்பு சார் புகார் சொல்ல வந்து, நின்று கேட்டுவிட்டுப் போனார். ஆமை எட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்படி ஒரு வகுப்பு டீச்சருக்கு அதற்கப்புறம் அமையவே இல்லை.

அன்று சாயங்காலம் வாயாடி பையை மாட்டிக்கொண்டு வந்து கேட்டாள், பெரியவளானதும் தனக்கு நிஜ ஓட்டு வருமா என்று.

அவள் குடும்பத்துக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை, கிடைக்கிற வழியும் இல்லை என்று ஆபீஸ் கிளார்க் காலையில்தான் சொல்லியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல டீச்சருக்கு மனசு வரவில்லை.

“வராம எங்க போகும்? பதினெட்டு வயசு ஆகட்டும்.”

வாய் கூசாமல் சொன்ன பொய். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தேர்தல் பாடம் வந்தால் டீச்சருக்கு நெஞ்சு உறுத்தும்.

இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாக்காளர் பட்டியலில் அவள் பெயரைத் தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. இருந்துவிட வேண்டுமே! இல்லையென்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பது?

வரிசையில் பின்னால் யாரோ செருமினார்கள்.

“என் பேரைத் தேடாதீங்க டீச்சர், அது வரவே இல்லை. என் பொண்ணு பேரைப் பாருங்க. அவங்க அப்பா வழியில இவளுக்குக் குடியுரிமை கிடைச்சிடுச்சு. இன்னிக்கு முதல் ஓட்டு.”

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, அம்மாவைவிட ஒரு சாண் உயரமான பெண் அடையாள அட்டையை நீட்டினாள்.

பெயர் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. டீச்சர் அதன்மேல் கோடு போட்டுவிட்டு நிமிர்வதற்குள், வாயாடி வாசலைத் தாண்டி வெளியே போய் நின்றிருந்தாள்.

ஓட்டு இல்லாதவர்கள் சாவடிக்குள் நிற்கக் கூடாது. ஆறாம் வகுப்பில் அதையும் டீச்சர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.