மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரிந்தவள்

மகள் வாய் திறந்த பிறகுதான் ஆசிரியைக்கு மூச்சு வந்தது.

“மழையில் நனைந்த யானைக்குட்டி வழி தவறிவிட்டது.”

திக்கல் இல்லை. எழுத்துக்கூட்டல் இல்லை. முற்றுப்புள்ளியில் நின்றுகூடப் போனாள்.

வட்டாரக் கல்வி அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று வாரம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். வந்த நாளாக ஆய்வுக்குப் போன இடங்களில் அவர் கேட்ட முதல் முழு வாக்கியம் இதுவாக இருக்கலாம்.

அந்தப் பள்ளியில் ஐந்து வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள், ஓர் ஆசிரியை. தலைமையாசிரியையும் அவள்தான். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவதும் அவள்தான்.

மிச்ச நேரத்தில் பாடம் நடத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லையென்றால் மெமோ வரும். அதனால் இன்றைக்கு மட்டும் மகளைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாள். மகள் படிப்பது டவுனில், தனியார் பள்ளியில்.

அங்கே கொடுத்த லீவ் லெட்டர்படி அவளுக்கு இன்று காய்ச்சல்.

சீருடைக்கு அலைச்சல் இல்லை. செங்கல் சூளை வேலைக்குப் போன குடும்பத்தின் குழந்தைக்கு வந்தது, பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. அரசாங்கத்தைச் சும்மா சொல்லக் கூடாது. பிள்ளை போய்விட்டாலும் சீருடை வந்துவிடுகிறது.

ஒரு பத்தி முடிந்தது. மகள் தலையைத் தூக்கினாள். அலுவலரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஹாய் அங்கிள். கிருத்திக் ஸ்கூலுக்குப் போயிட்டானா?”

அலுவலரின் பேனா நின்றது.

கிருத்திக் அவருடைய பையன். டவுனில் அதே பள்ளி. அதே மூன்றாம் வகுப்பு. சேர்ந்து மூன்று வாரம்.

ஆசிரியைக்கு இது இப்போதுதான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது, பெற்றோர் கூட்டத்துக்குப் போவதெல்லாம் கணவன். அவளுக்கு ஏது நேரம். கல்விப் பணி.

இவள் எந்தப் பள்ளிப் பிள்ளை என்று அவர் கேட்கலாம்.

கேட்டால் கிருத்திக் எந்தப் பள்ளி என்பதும் வெளியே வரும்.

எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. ‘நம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்போம்.’ இருவரும் அதைக் கொஞ்ச நேரம் கவனமாகப் படித்தார்கள்.

“போதும்மா, உட்காரு” என்றார்.

பதிவேட்டில் எழுதினார். வாசிப்பு: மிக நன்று.

அவள் மேசை டிராயரிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினாள். இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கொடுக்கிற மனு. தேதி மட்டும் புதுசு.

அவர் பிரிக்கவில்லை. அப்படியே அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இவ்வளவு நல்லாப் படிக்கிற ஸ்கூலுக்கு எதுக்கும்மா இன்னொரு டீச்சர்?”

கிண்டல் இல்லை. விதியே அப்படித்தான். பிள்ளைகள் படிக்காவிட்டால் ஆசிரியைக்கு மெமோ. படித்துவிட்டால் கூடுதல் ஆசிரியர் பணியிடம் வேறு பள்ளிக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாக எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

ஜீப் புறப்பட்டுப் போனது.

மகள் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டே, ரொம்ப அரிக்குதும்மா என்றாள்.

அவள் போனை எடுத்தாள். ஆய்வு முடிந்த அரை மணி நேரத்துக்குள் விவரங்களைச் செயலியில் ஏற்ற வேண்டும். பத்தொன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி: மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத மாணவர் எண்ணிக்கை.

பூஜ்ஜியம் போட்டாள்.

அனுப்பினாள். சிக்னல் ஒரு கோடு. வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தாள்.

மாரிச்செல்வி. மூன்றாம் வகுப்பு. இந்தப் பள்ளியில் உண்மையாகவே மூன்றாம் வகுப்பு. கையில் அந்தப் புத்தகம், யானைக்குட்டி இருக்கிற பக்கம். படத்துக்குக் கீழே பாதிப் பக்கம் எழுத்து இன்னும் இருந்தது.

“அப்புறம் அது வீட்டுக்குப் போயிடுச்சா, டீச்சர்?”

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“இரு, இது ஏறட்டும்.”

மாரிச்செல்வி சரியென்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றாள். போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.